பசு நக்கிய கல்

அக்கா மகன் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு கல் கொண்டுவந்து கொடுத்தான். ஹால்ஸ்டாட் என்ற மலையூரின் உப்புச் சுரங்கத்துக் கல். தேங்காய் மூடி அளவு, செம்மண்ணும் சாம்பலும் கலந்தாற்போல நிறம். கடை வாசலில் அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டுச் சில்லறை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் பால்கார அக்காவின் செவலைப் பசு கழுத்தை நீட்டி அதை நக்கிக்கொண்டிருக்கிறது.

பிடுங்கப் போனேன். "விடுங்க அண்ணாச்சி, கன்னு போட்டுப் பதினைஞ்சு நாளுதான் ஆகுது, உப்புக்கு அலையுது" என்றார் அக்கா. நின்று பார்த்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி சரக் சரக்கென்று நாக்கின் சத்தம். எச்சில் பட்ட இடமெல்லாம் நிறம் கருத்துப் பளபளத்தது. ஒரு கூர்முனை கண் முன்னாலேயே மழுங்கி, உள்ளே இருந்த வேறொரு வடிவம் வெளியே வந்தது.

வட ஐரோப்பாவின் படைப்புக் கதை ஒன்றில் இதேதான் நடக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்நோரி என்ற அறிஞர் எழுதிவைத்த பழங்கதை அது. உலகம் உண்டாகும் முன் ஔதும்லா என்றொரு பசு இருந்ததாம். உறைபனி படிந்த உப்புக் கற்களை நக்கிப் பசியாறியதாம். முதல் நாள் நக்கியதும் கல்லிலிருந்து தலைமுடி தெரிந்தது, இரண்டாம் நாள் தலை, மூன்றாம் நாள் முழு ஆளே வந்துவிட்டான். புரி என்று பேர், தேவர்களுக்கு முப்பாட்டன். இதைத் தத்துவமாக விளக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதன்முதலில் இதைச் சொன்னவர் மாடு வைத்திருந்தவர். பசு நக்க நக்கக் கல்லுக்குள்ளிருந்து உருவம் கிளம்புவதைக் கண்ணால் பார்த்தவர்.

உப்பு எங்கள் குடும்பத்துச் சரக்கு. அப்பா பிறந்தது ஆறுமுகநேரி, உப்பளத்துக்குப் பக்கத்துத் தெரு. கோத்தகிரிக்கு வந்து கடை போட்டபோது அவருக்குப் பெரிய ஆச்சரியம், இந்த மலையில் எல்லாம் விளைகிறது, உப்பு மட்டும் ஒரு கல் கூடக் கிடையாது என்பதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் மூட்டை வரும். மழைநாளில் சாக்கு கசிந்து, சுமந்தவர்கள் தோளெல்லாம் புண்ணாகிவிடும். இன்றைக்கு வீட்டுச் சமையலுக்குப் பாக்கெட் தூள் உப்பு போதும். மாடு வைத்திருப்பவர்கள் மட்டும் கல்லுப்புதான் கேட்பார்கள், அதுவும் கிலோ கணக்கில். புல்லில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. இங்கே பெய்கிற மழை மண்ணில் இருப்பதையும் அலசிக் கொண்டுபோய்விடுகிறது.

அதனால்தான் படகர்கள் 'உப்பு அட்டுவ ஹப்பா' என்று ஒரு பண்டிகையே வைத்து மாடுகளுக்கு உப்புநீர் கொடுக்கிறார்கள். தோடர்கள் எருமைகளுக்கு உப்பு கொடுப்பதும் சடங்குதான். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானிடவியல் ஆய்வாளர் 1906-ல் தோடர்களைப் பற்றி எழுதிய நூலில் அதை விவரமாகவே பதிந்திருக்கிறார். மலைக்கு எட்டாத பொருள் என்பதால் அது தெய்வத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஹால்ஸ்டாட்டில் கதை தலைகீழ். அங்கே மலையே உப்பு. சுரங்கத்துக்குள் கிடைத்த மரப்படிக்கட்டை, மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி கி.மு. 1344 என்று கணித்திருக்கிறார்கள். உப்பிலேயே கிடந்ததால் மரம் மக்கவில்லை. உப்பு சுமந்த மாட்டுத்தோல் முதுகுப்பைகள்கூட அப்படியே கிடைத்தன. அந்தப் படத்தை மருமகன் போனில் காட்டியபோது அப்பாவின் தோள்தான் ஞாபகம் வந்தது. 1846-ல் தொடங்கி ராம்சாவர் என்ற சுரங்க அதிகாரி அங்கே ஏறத்தாழ ஆயிரம் கல்லறைகளைத் திறந்தார். பால்டிக் கரையின் ஆம்பர் என்ற கல்லாகிப்போன மரப்பிசின், யானைத் தந்தம் எல்லாம் அந்த மலையிடுக்கில் இருந்தன. எல்லாம் உப்பு கொடுத்து வாங்கியவை.

பழங்கால வாணிபம் என்றால் ஆம்பர் பாதை, தகரம், தங்கம் என்றுதான் எழுதுகிறார்கள். தோண்டினால் கிடைப்பது அவைதான். உப்பு கரைந்துவிடும், தின்று தீர்ந்துவிடும், சாட்சி சொல்லாது. பாதையை முதலில் போட்டது உப்பு, மினுக்குகிற சாமான்கள் அந்தப் பாதையில் பின்னால் ஏறிவந்தவை என்பது என் எண்ணம். இன்னும் ஒரு படி போய்ச் சொல்வேன், மனிதனுக்கும் முன்னால் அந்தப் பாதையை மிதித்தவை உப்புமண் தேடிப் போன மிருகங்கள்.

இங்கேயும் அப்படித்தான் பார்க்கிறேன். நீலகிரியில் பழங்காலப் புதைகுழிகளான கல்வட்டங்களை 1870களில் பிரீக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டியபோது எடுத்த வெண்கலக் கிண்ணங்களும் தங்க நகைகளும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மண்தாழி மூடிகளில் எருமை உருவங்கள் நிற்கின்றன. இத்தனை எருமை இருந்த மலைக்கு உப்பு வராமலா இருந்திருக்கும்? சங்கப் பாட்டில் உமணர் என்ற உப்பு வணிகர்கள் வண்டி கட்டி உப்புக்கு நெல் மாற்றிக்கொண்டு உள்நாடு போகிறார்கள். வண்டி அடிவாரத்தோடு நின்றிருக்கும். அதற்கு மேல் தலைச்சுமைதான். வெண்கலக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தச் சுமையையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

கிரேக்கக் கதையில் கடலில் அலைந்த ஒடிசியஸ் என்ற வீரனுக்கு ஒரு கட்டளை வரும். துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு உள்நாட்டில் நடந்துகொண்டே இரு, கடலறியாத, உப்பிட்ட சோறறியாத ஜனங்கள் அதைத் தூற்றுமுறம் என்று நினைக்கும் இடம் வரை போ என்று. கடல்காரர்களுக்கு அதுதான் உலகத்தின் எல்லை. உப்பு வந்து சேர்ந்த மலைக்காரர்களிடம் கேட்டால், அவர்கள் கதை அங்கேதான் தொடங்கும்.

கல்லில் இப்போது நடுவே ஒரு குழி. மழைக்காலக் காற்றுக்கே வியர்த்து நீர் கோக்கிறது. ஹப்பாவுக்கு உப்பு வாங்க வரும் பெரியவர் ஒருவரிடம், லாரி வருவதற்கு முன்னால் எந்த வழியாக மூட்டை ஏறியது என்று கேட்டேன். சிறுமுகைப் பக்கம் கை காட்டி, அவருடைய தாத்தா நடந்த பாதை இன்னும் தெரியும், கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். மழை விட்டதும் போகிறோம்.