மியாட்டா கியர் பாக்ஸை இரண்டு முறை இறக்கிய கதை

இரண்டாவது கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் நான் முதலில் செய்தது பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்ததுதான். ஒரு வருஷம் அப்படியே ஓட்டினேன். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது முதல் கியரிலிருந்து நேரே மூன்றாவதுக்குத் தாவுவது, சூடானபிறகு இரண்டாவதை மெதுவாகக் கெஞ்சிப் போடுவது என்று கைக்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் மூன்றாவது கியர், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் தானே நியூட்ரலுக்குத் துள்ளியது. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

வண்டி 1996 மஸ்டா மியாட்டா, கூரை திறக்கும் இரண்டு சீட் குட்டி ஸ்போர்ட்ஸ் கார், 1.8 லிட்டர் என்ஜின், ஐந்து கியர். நான் இருப்பது மிச்சிகனில். குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுகிற ஊர் என்பதால் இந்த வண்டி ஏப்ரல் வரை வெளியே வராது. வேலை கார் கம்பெனியில்தான், ஆனால் சாஃப்ட்வேர். ஸ்பேனர் பிடித்த அனுபவம் என்றால் ஊரில் அப்பாவின் டிவிஎஸ் 50-க்குப் பிளக் கழற்றி மாட்டியதோடு சரி.

கியர் பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன்னால் கிளட்சைப் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது பெடலை மிதிக்கும் அழுத்தத்தை எண்ணெய் வழியாக வாங்கிக் கிளட்சைத் தள்ளும் சின்ன உருளை, ஒழுகுவது சர்வசாதாரணம். அது ஒழுகினால் கிளட்ச் முழுசாக விடாது, என்ஜினும் பெட்டியும் சரியாகப் பிரியாது, கியரும் கரகரக்கும். என்ஜினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன், சத்தமில்லாமல் விழுந்தது. ஆக, கிளட்ச் விடுகிறது. நியூட்ரலில் நிற்கும்போது ஒரு உறுமல் கேட்கும், கிளட்சை மிதித்தால் அது நின்றுவிடும். கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் போயிருந்தால் நேர்மாறாக, மிதிக்கும்போதுதான் கத்தும். இது என்ஜினின் சுற்றைப் பெட்டிக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டின் பேரிங் சத்தம். கடைசியாக கியர் ஆயிலை வடித்து, தட்டில் ஒரு காந்தத்தை ஓட்டினேன். பித்தளைத் தூள் கொஞ்சம் மினுங்குவது பழைய பெட்டியில் இருப்பதுதான், காந்தத்தில் அது ஒட்டாது. ஒட்டி வந்தது அரிசி நொய் அளவுக்கு மூன்று இரும்புச் சில்லு. அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ஒர்க்‌ஷாப்பில் 2,200 டாலர் கேட்டார்கள். கிட்டத்தட்ட வண்டி வாங்கின விலை. பழைய பாகங்கள் விற்கும் இடத்தில் 1995 மாடல் பெட்டி ஒன்று 450 டாலருக்குக் கிடைத்தது, கிளட்ச் செட் 180. பின்னாளில் வந்த ஆறு கியர் பெட்டியைப் போடச் சொல்லி ஆசை காட்டியவர்களும் உண்டு. கியர் விகிதம், அதாவது பெட்டியிலிருந்து வெளியே போகும் ஒரு சுற்றுக்கு என்ஜின் சுற்றும் அளவு, அதன் ஆறாவதில் 0.843, என் ஐந்தாவதிலோ 0.814. அதே பின் ஆக்சிலில் அது ஹைவேயில் என்ஜினை இன்னும் கொஞ்சம் வேகமாகத்தான் சுற்ற வைக்கும், அதற்கு எதற்குக் கூடுதல் காசு?

கூட உதவிக்கு வந்தது பக்கத்துத் தெருவில் இருக்கும் கோயமுத்தூர் நண்பன். "மச்சி, அதிகபட்சம் ஒரு சனிக்கிழமை" என்றான். மூன்று வாரம் ஆனது.

வண்டியை நான்கு ஸ்டாண்டில் தூக்கி வைத்தோம். எக்ஸாஸ்ட் நட்டுகளுக்கு முந்தின ராத்திரியே துரு எண்ணெய் அடித்திருந்தேன், ஆனாலும் ஒரு ஸ்டட் முறிந்தது. கியர் லீவர், பின்பக்கத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்லேவ் சிலிண்டர் எல்லாம் பெரிய தகராறு இல்லை. அந்த ஷாஃப்டை, பின் சக்கரங்களுக்குச் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பக்கம் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன், அதே இடத்தில் திரும்ப மாட்டுவதற்கு.

இந்த வண்டியில் ஒரு விசேஷம், கியர் பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலையும் இணைத்து ஒரு நீளமான அலுமினியச் சட்டம் ஓடும். பெட்டியின் பின்பக்கத்தைத் தாங்குவதே அதுதான், தனியாக மவுன்ட் கிடையாது. அதை எடுத்தவுடன் பெட்டி தொங்கும், கூடவே என்ஜின் பின்பக்கமாகச் சாயும், சாய்ந்தால் என்ஜின் தலையின் பின்னால் இருக்கும் கேம் சென்சார் பின்சுவரில் போய் இடிக்கும். அதற்காக என்ஜினின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஒரு ஜாக்கி, பெட்டிக்கு அடியில் இன்னொரு ஜாக்கி. சட்டத்தின் போல்ட்டுகள் நீளமானவை. அதில் ஒன்று உள்ளே இருக்கும் குழலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, சுத்தியலால் அடித்து அடித்து ஒரு மத்தியானமே போய்விட்டது.

பெட்டி என்ஜினோடு சேரும் மணி மாதிரியான முன்கூடுதான் பெல் ஹவுசிங், அதன் மேல் போல்ட்டுகள் கண்ணுக்கே தெரியாது. மல்லாக்கப் படுத்துக்கொண்டு, மூன்று எக்ஸ்டென்ஷனைக் கோத்து, நுனியில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் போட்டு, பெட்டியின் முதுகு வழியாக வாலிலிருந்து நீட்டி, சாக்கெட் உட்கார்ந்ததா இல்லையா என்று கை உணர்வால் மட்டும் பார்த்துத் திருப்ப வேண்டும். ராட்செட் ஒரு தடவை திரும்ப, முகத்தில் துருத் தூள் ஒரு பிடி விழும். கண்ணாடி போடாமல் யாரும் அடியில் போகாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட்டைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் விருப்பமில்லை.

பெட்டி 35 கிலோ பக்கம் இருக்கும். ஜாக்கியில் பெல்ட்டால் கட்டி, பின்னால் இழுத்து இறக்கினோம். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் புதுசு. என்ஜின் கிராங்க் நுனியில் இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் சின்ன பைலட் பேரிங்கை எடுக்க இழுப்பான் இல்லை, நண்பன் ஈர ரொட்டியை அந்த ஓட்டையில் அடைத்து, அளவான ஒரு கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினான். அடைத்து அடைத்துத் தட்ட, நாலாவது துண்டு ரொட்டிக்கு பேரிங் தானே வெளியே வந்தது. உள்ளே எட்டிப் பார்த்த என் மனைவி, "அது நாளைக்குப் பிள்ளைகளுக்கு சாண்ட்விச் போட வச்சிருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

புதுப் பெட்டி மேலே போனது, எல்லாம் மாட்டினோம், இரண்டு லிட்டர் கியர் ஆயில், ஜிஎல்-4 தரம், 75டபிள்யூ-90 அடர்த்தி. ஜிஎல்-5 சில வகைகளில் இருக்கும் கந்தகச் சேர்மானம் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கும் என்பார்கள், வீண் வம்பு எதற்கு. லீவர் உட்காரும் மேல் கூட்டுக்குத் தனியாக 80, 90 மில்லி ஊற்ற வேண்டும், அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். நான் மறக்கவில்லை, மறந்தது வேறொன்று. வண்டியில் உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். பெடல் சும்மா தரையில் போய் உட்கார்ந்தது. காற்று பிடித்திருக்கிறது என்று நினைத்து ஒரு மணி நேரம் கிளட்ச் ஆயிலில் காற்று எடுத்தோம். ஒன்றும் மாறவில்லை. அப்புறம் டார்ச் அடித்து ரப்பர் பூட்டுக்குள் பார்த்தால், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ரிலீஸ் ஃபோர்க் கோணலாகக் கிடக்கிறது. பெட்டியை மேலே தூக்கும் சமயத்தில் அது தன்னைத் தாங்கும் பிவட் குண்டிலிருந்து கழன்றிருக்கிறது. கிளிப் சரியாகக் கவ்வியதா என்று கையால் அசைத்துப் பார்த்திருந்தால் பத்து வினாடி வேலை.

நண்பன் ஒன்றும் பேசவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "சரி, இறக்கு" என்றான்.

இரண்டாவது தடவை எல்லாம் ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்பதுதான் ஆச்சரியம். ஒரு போல்ட்டுகூட அடம்பிடிக்கவில்லை. அலுமினியச் சட்டத்தை இறுக்கும்போது மட்டும் நிதானமாகச் செய்தோம், பெட்டியின் வாலை ஜாக்கியால் சரியான உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு இறுக்க வேண்டும். உயரம் தப்பினால் ஷாஃப்டின் கோணம் மாறி, ஓடும்போது வண்டி அதிரும்.

ஞாயிறு சாயந்திரம் கூரையைத் திறந்துபோட்டு வெளியே எடுத்தேன். குளிர்ந்த வண்டி, முதல் கியர், இரண்டாவது. சத்தமே இல்லை. பழக்கதோஷத்தில் கை மூன்றாவதுக்குத் தாவப் பார்த்தது, அதைப் பிடித்து நிறுத்தி மறுபடி இரண்டாவதைப் போட்டுப் பார்த்தேன். தெருக்கோடியில் நிறுத்தி ரிவர்ஸ் எடுத்தபோது பின்னால் நின்றிருந்த நண்பன் கையை ஆட்டினான். ரிவர்ஸ் லைட் எரியவில்லையாம். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் அந்த சுவிட்சின் வயரை யார் மாட்டியது என்று இருவரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.