இரண்டு நேஷனல் பேங்க் நோட்டுகளுக்கு மதிப்புக் கேட்ட அனுபவம்

நியூ ஜெர்சியில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கிய தபால்தலை ஆல்பத்துக்குள், 1929ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த இரண்டு அமெரிக்க நேஷனல் பேங்க் நோட்டுகள் இருந்தன. ஒன்று சான் பிரான்சிஸ்கோவின் பேங்க் ஆஃப் அமெரிக்கா வெளியிட்ட, மடிப்பே விழாத 20 டாலர் நோட்டு. மற்றது அயோவா மாநிலத்துச் சிற்றூர் வங்கி ஒன்றின் 10 டாலர் நோட்டு. நைந்து, ஓரத்தில் ஊசித்துளையோடு இருந்தது.

மதிப்புக் கேட்கப் போன இடத்தில் வணிகர் முதலில் பார்த்தது, உருவப்படத்துக்கு இருபுறமும் தடித்த கறுப்பில் செங்குத்தாக அச்சாகியிருந்த சார்ட்டர் எண்ணை, அதாவது வங்கியின் உரிம எண்ணைத்தான். 1863இல் வந்த சட்டத்தின்படி, அரசுக் கடன்பத்திரங்களை ஈடாக வைத்த ஆயிரக்கணக்கான வங்கிகள் தத்தம் ஊர்ப்பெயரோடு 1935 வரை நோட்டு வெளியிட்டன. ஒவ்வொரு வங்கிக்கும் தனி எண் உண்டு. 20 டாலர் நோட்டில் 13044 என்ற எண்ணைக் கண்டதுமே அவருடைய ஆர்வம் வடிந்துவிட்டது. அந்த வங்கியின் நோட்டுகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

அயோவா நோட்டுக்குத்தான் கணினியைத் திறந்தார். எந்த வங்கியின் எந்த நோட்டு இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று சேகரிப்பாளர்கள் பல ஆண்டுகளாகத் தொகுத்துவரும் பதிவேட்டில், அந்த வங்கிக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே நோட்டுகள் இருந்தன. கருவூலத்துக்குத் திரும்பிய நோட்டுகள் அழிக்கப்பட்டுவிட்டதால், குறைவாக அச்சிட்ட சிறு வங்கிகளுக்கு மிச்சம் எதுவும் இல்லாமல் போவதும் உண்டு. வரிசை எண்ணையும் அவர் விளக்கினார். 1929 வரிசையின் முதல் வகையில் ஓர் அச்சுத்தாளுக்கு ஆறு நோட்டுகள். ஆறுக்கும் ஒரே எண், முன்னெழுத்து மட்டும் ஏ முதல் எஃப் வரை மாறும். என் அயோவா நோட்டின் எண் பி என்று தொடங்கும் 37, அதாவது முப்பத்தேழாவது தாளின் இரண்டாவது நோட்டு. எண் சிறிதாக இருப்பதை விரும்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். எண் 1 என்றால் போட்டியே நடக்கும்.

பழசு என்றாலே லட்சக்கணக்கில் விலை போகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் படித்துப் பழகிய எனக்கு, புத்தம்புதிதாக இருந்ததைவிடக் கசங்கியதற்குப் பல மடங்கு விலை சொன்னது வியப்பாகத்தான் இருந்தது. நோட்டின் நிலை முக்கியமில்லை என்பதல்ல. ஒரே வங்கியின் இரண்டு நோட்டுகளை ஒப்பிடும்போது அதுவே விலையைப் பிரிக்கிறது. அலசிவிடலாமா, கனத்தின் கீழ் வைத்து மடிப்பை நீக்கலாமா என்று கேட்டதற்கு, இரண்டும் கூடாது என்று உறுதியாகச் சொன்னார். 70 புள்ளி அளவுகோலில் தரம் குறிக்கும் நிறுவனங்கள், அப்படிக் கைவைத்த தாளுக்கு அசல் தாள் என்ற குறிப்பைத் தருவதில்லை.

அயோவா நோட்டை மட்டும் தரச்சான்றுக்கு அனுப்பி, பிறகு ஏலத்தில் விட்டேன். மற்றதற்குச் சான்றுக் கட்டணம் கட்டுப்படியாகாது என்பதால் அனுப்பவில்லை.