டீஸ்டா, அக்டோபர் 2023

4 அக்டோபர்
விடிந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் போன் கிடைக்கவில்லை. அவர் இருக்கும் வடக்கு சிக்கிம் லாச்செனில் சிக்னல் போவது புதிதில்லை. ஆனால் தெற்கு லோனாக் ஏரி உடைந்துவிட்டதாம், சுங்தாங் அணையே போய்விட்டதாம். ஊரிலிருந்து அத்தை விடாமல் கூப்பிடுகிறார்கள். என்ன சொல்ல?

5 அக்டோபர்
வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பக்கத்து வீட்டு தீதியோடு சிலிகுரி பக்கத்திலிருக்கும் சேவோக் போனேன். டீஸ்டா ஆறு முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. வேரோடு மரங்கள், கேஸ் சிலிண்டர், யார் வீட்டுக் கதவோ, எல்லாம் கொரோனேஷன் பாலத்துக்கு அடியில் புரண்டு போகின்றன. எதுவும் பாலத்தில் மோதவில்லை. மோதுவதற்கு ஆற்றுக்குள் தூணே கிடையாது. ஆழமும் இழுப்பும் அதிகம் என்பதால் 1937-இல் வேலை தொடங்கியபோதே நடுவில் தூண் வைக்காமல், ஒரே கான்கிரீட் வளைவாக இரண்டு கரைப் பாறையிலும் ஊன்றிவிட்டார்கள். 1941-இல் முடித்தது. அதைக் கட்டியவர்கள் நன்றாக இருக்கட்டும். வெகுநேரம் அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன். தீதிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

6 அக்டோபர்
தகவல் இல்லை.

7 அக்டோபர்
சிங்டாம் பக்கம் பர்தாங்கில் 23 ஜவான்கள் வெள்ளத்தில் போனார்கள். ஒருவரைத்தான் உயிரோடு மீட்டிருக்கிறார்கள். அவர் இருப்பது பர்தாங் இல்லை, லாச்சென். பர்தாங் இல்லை.

தேசிய நெடுஞ்சாலை 10 பல இடங்களில் ஆற்றோடு போய்விட்டது. காங்டாக்கிலிருந்து இறங்கும் வண்டிகள் லாவா, கோருபாதான் என்று சுற்றி மலையடிவாரத்து டூவார்ஸ் பக்கம் வருகின்றன. அப்படியென்றால் கடைசியில் பெரும்பாலும் சேவோக்கில் அந்தப் பாலம் ஏறித்தான் சிலிகுரிக்கு வருவார்கள். தீபாவளி லீவுக்கு அவர் வந்தாலும் அப்படித்தான் வருவார்.

8 அக்டோபர்
தூக்கம் இல்லை. 2011 நிலநடுக்கத்தில் பாலத்துக்கு அடிபட்டது என்று தீதியின் வீட்டுக்காரர் சொன்னார். ஏன் இன்றைக்குப் போய் அதைச் சொன்னார்? எண்பது வருஷத்துக் கான்கிரீட். பாறை அரித்திருக்குமோ? தண்ணீர் வடிந்த பிறகு யாராவது இறங்கிப் பார்த்தார்களா? பார்த்திருக்க வேண்டும்.

சோறு வடித்தேன். இறங்கவில்லை.

9 அக்டோபர்
வானம் வெளுத்திருக்கிறது. லாச்சென், லாச்சுங்கிலிருந்து ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்குகிறார்கள்.

மதியம் சாட்டிலைட் போன். அவர்தான்! “சாப்பிட்டியா?” என்றார். நான் அழுதுகொண்டே, “சேவோக் பாலம் நல்லாதான் நிக்குது, அந்த வழியாவே வந்துடுங்க” என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், லைன் போய்விட்டது. அத்தைக்குப் போன் போட வேண்டும்.