சேலைக்கு ஒரு கேமரா: 40,000 ரூபாய்க்குள் நான் தேடியது

ஈரோட்டில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்து சேலை வியாபாரம் செய்யத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சிறுமுகை மென்பட்டும், பட்டும் பருத்தியும் கலந்த கோரா காட்டனும், இளம்பிள்ளைச் சேலைகளும்தான் எங்கள் சரக்கு. என் நாத்தனார் உடுத்தி நிற்பார், நான் கைப்பேசியில் படம் எடுப்பேன். சென்ற ஆடியில் அனுப்பிய பதினொரு சேலைகளில் நான்கு திரும்பி வந்தன. நெசவில் குறை இல்லை, கிழிசல் இல்லை. “அக்கா, படத்துல பார்த்தது அரக்கு, பிரிச்சா செங்கல் கலர்ல இருக்கு” என்று ஒரு வாடிக்கையாளர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். நான் சேலையைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னதில் பொய் இல்லை.

சீட்டு எடுத்த பணத்தில் 40,000 ரூபாயை ஒதுக்கிக்கொண்டு கேமரா கடைக்குப் போனபோது, விற்பனையாளர் அதைப் போல் இரண்டு மடங்கு விலையுள்ள ஒன்றைக் கையில் கொடுத்து மெகாபிக்சல் கணக்கைச் சொல்லத் தொடங்கினார். சேலை விற்பவருக்கு அந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. அமேசானில் பொருளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க நீளமான பக்கம் 1,000 பிக்சல் இருந்தாலே போதும். வாட்ஸ்அப்போ நாம் அனுப்புவதைச் சுருக்கிவிட்டுத்தான் மறுபக்கம் சேர்க்கிறது. 24 மெகாபிக்சல் கேமரா 6,000 பிக்சல் நீளமுள்ள படத்தைத் தருகிறது என்பதால், பத்தாண்டுப் பழைய கேமராவுக்குக்கூட இந்த வேலை சுமையே அல்ல. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அரக்கு அரக்காகத் தெரிய வேண்டும்.

அதற்கு முதல் எதிரி எங்கள் அறையே என்பதை, எதையும் வாங்குவதற்கு முன்னால் தற்செயலாகக் கண்டுகொண்டேன். என் கணவரின் வெள்ளை வேட்டியை அறை நடுவில் கொடியில் தொங்கவிட்டுப் படம் எடுத்தபோது அதன் ஓரம் முழுவதும் இளம்பச்சை பூத்திருந்தது. எங்கள் சுவரின் நிறம் அது. சன்னல் வழியே வரும் வெளிச்சம் பச்சைச் சுவரில் பட்டுத் தெறித்துத் துணியின் மேல் விழ, மேலே எரிந்த டியூப்லைட் தன் பங்குக்கு வேறொரு சாயலைச் சேர்த்திருந்தது. சுவருக்கு வெள்ளை டிஸ்டெம்பர் அடிக்க 1,350 ரூபாய் செலவானது. படம் எடுக்கும் நேரத்தில் டியூப்லைட்டை அணைத்துவிடுவது என்ற பழக்கத்துக்குச் செலவே இல்லை. இந்த இரண்டும் செய்த மாற்றத்தைப் பின்னால் வாங்கிய எந்தக் கருவியும் செய்யவில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்தது விளக்கு. எல்லாரும் வாங்குகிறார்களே என்று முன்பே வளைய வடிவ ரிங் லைட் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். முகத்துக்கு அது பொருந்தலாம்; சேலைக்குப் பொருந்தவில்லை. வெளிச்சம் நேர் முன்னாலிருந்து விழுவதால் நெசவின் மேடுபள்ளத்துக்கு நிழலே இல்லாமல் போய், புட்டா எல்லாம் அச்சடித்தவை போலத் தட்டையாகிவிடும்; சரிகையும் பொன்னிறம் இழந்து வெள்ளைக் கோடாக வெளிறிவிடும். சேலைக்கு வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வர வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையைச் சாய்த்து வைத்தால் அந்தப் பக்கத்து இருட்டு தணியும். இதற்காக 60 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை 9,800 ரூபாய்க்கும், அதற்கான தாங்கியையும் வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸையும் 3,300 ரூபாய்க்கும் வாங்கினேன்.

விளக்குப் பெட்டியின் மேல் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது. 95க்கு மேல் இருப்பது நல்லது. ஆனால் அந்த எண் வெளிர்நிறங்கள் எட்டின் சராசரி மட்டுமே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடர்சிவப்பு அதில் சேராது. அதற்கு ஆர்9 என்ற தனி எண் உண்டு. அரக்கு, குங்குமச் சிவப்பு, மிளகாய்ப்பழ நிறம் ஆகியவற்றில் பாதி வியாபாரம் ஓடுகிற நமக்கு அந்தத் தனி எண்தான் முக்கியம். எங்கள் அறையில் இருந்த மலிவான எல்.இ.டி. பல்பின் கீழ் அரக்கு ஏன் செங்கல்லானது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படிப்பட்ட பல்புகளுக்கு இன்னொரு கோளாறும் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை நொடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவுக்குள் வெளிச்சத்தை விட்டு மூடும் ஷட்டரை மிக வேகமாக வைத்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் அவை மறைந்துவிடும்.

இனி கேமரா. கைப்பேசியே போதாதா என்று கேட்பவர்களுக்கு, தொடக்கத்தில் போதும் என்றே சொல்வேன். ஆனால் கைப்பேசி ஒவ்வொரு படத்துக்கும் நிறத்தைத் தானாகவே முடிவு செய்வதால், ஒரே சேலையின் உடல் ஒரு நிறத்திலும் முந்தி வேறொரு நிறத்திலும் வந்து நிற்கும். கோராவின் மெல்லிய இழைகளையும் மெழுகிவிட்டது போல் வழவழப்பாக்கிவிடும். ஆகவே, 2018இல் வெளிவந்த கேனான் 1500டி கேமராவை அதனுடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸோடு சேர்த்து, ஒருவர் பயன்படுத்தியதை 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். பழையதை வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை எஃப்/22க்குச் சுருக்கி (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்) வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால், படத்தைப் பதியும் சென்சாரின் மேலுள்ள தூசு கரும்புள்ளிகளாகத் தெரியும். எனக்குக் காட்டிய முதல் கேமராவில் ஆறு புள்ளிகள் இருந்தன, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

லென்ஸ் விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். எல்லாரும் புகழும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் பழையதாக 5,800 ரூபாய்க்கு வாங்கி வந்து மாட்டிப் பார்த்தால், நாத்தனாரின் இடுப்புக்குக் கீழே படத்தில் இடமே இல்லை. மி.மீ. எண் கூடக்கூடப் படத்தில் அடங்கும் இடம் குறையும்; இந்தக் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் அது 80 மி.மீ. லென்ஸ் போல நெருக்கிக் காட்டும். தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க ஏறத்தாழ 15 அடி பின்னால் போக வேண்டும். எங்கள் அறையோ 12 அடி. ஒரு வாரம் வாசலுக்கு வெளியே, மாடிப்படியின் முதல் படியில் நின்றுதான் எடுத்தேன். பிறகுதான் புத்தி வந்தது. கூடவே வந்த சாதாரண லென்ஸை 35 மி.மீ.இல் வைத்தால் பத்தரை அடியில் முழு உருவமும் அடங்கிவிடுகிறது. அறை சிறியது என்பதற்காக 18 மி.மீ.க்கு இறங்கி நெருங்கி நிற்பதும் கூடாது. அப்போது ஓரங்கள் இழுபட்டு உருவமே கோணலாகிவிடும். கேமராவை முகத்துக்கு நேராகத் தூக்காமல் இடுப்பு உயரத்தில் 2,200 ரூபாய் முக்காலி மேல் நிறுத்தினால் கரையின் அகலம் உள்ளபடியே தெரிகிறது. 50 மி.மீ. லென்ஸ் வீணாகவும் இல்லை. ஓரடிக்குச் சற்று மேல் வரை நெருங்கிப் பத்துச் சென்டிமீட்டர் அகலத் துணியைப் படம் முழுக்க நிறைக்க அதனால் முடியும் என்பதால், முந்தியின் சரிகையையும், கரையும் உடலும் இணையும் கோர்வையின் சேர்ப்பையும் அதில்தான் எடுக்கிறேன். அதன் எஃப்/1.8 என்ற அகலத் திறப்பை மட்டும் தொடுவதில்லை. ஒரு மடிப்பு தெளிந்து அடுத்த மடிப்பு மங்கும் படத்தைச் சேலை வாங்குபவர் ரசிக்க மாட்டார். எஃப்/8தான் எனக்குச் சரி.

நிறத்தை நேர் செய்வதற்குச் சாம்பல் அட்டை ஒன்று, 350 ரூபாய். ஒவ்வொரு சேலைக்கும் முதல் படத்தில் நாத்தனார் அதைக் கையில் பிடித்துக்கொள்வார். கேனான் இலவசமாகவே தரும் மென்பொருளில் அந்த அட்டையின் மேல் ஒருமுறை சொடுக்கினால் மீதிப் படங்களுக்கும் அதே கணக்கு பொருந்திவிடும். வெள்ளைத் தாளையோ வேட்டியையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். தாளில் வெளுப்பேற்றும் வேதிப்பொருள் இருக்கும்; வேட்டியில் நாமே சொட்டு நீலம் போட்டிருப்போம். சின்னக் கட்டம் போட்ட சேலைகளின் படத்தில், துணியில் இல்லாத கோலம் ஒன்று அலை அலையாகத் தோன்றினால் கேமராவைக் குறை சொல்லாமல் அரையடி முன்பின் நகர்த்திப் பார்க்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மயில்கழுத்து நிறம் எனக்கு வசப்படவில்லை. பாவு நீலமாகவும் ஊடை பச்சையாகவும் நெய்த அந்தச் சேலை, நிற்கும் கோணத்தைப் பொறுத்து ஒரு படத்தில் நீலம், அடுத்ததில் பச்சை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலமும் சில நாள் ஊதாப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சேலைகளுக்கு மட்டும் காலை பத்து மணிச் சன்னல் வெளிச்சத்தில் நாத்தனாரை மெல்லத் திரும்பச் சொல்லி, கைப்பேசியிலேயே இருபது நொடிக் காணொளி எடுத்து அனுப்புகிறேன். அந்த நேரத்தில் கேமரா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத சம்படத்தில் இருக்கும்.