நெஃப்ராலஜி, நியூராலஜி, ஒரு செலக்ட் பாக்ஸ்

“சரி, அவங்க யாராவது இப்படி வேணும்னு கேட்டாங்களா?”

எங்கள் வடிவமைப்பாளர் வரைந்த டிராப்டவுனை (திறந்து தேர்ந்தெடுக்கும் பட்டியலை) எடுத்துவிட்டு, மவுஸ் இல்லாதவர்களுக்கும் ஸ்க்ரீன் ரீடர் (திரையைக் குரலில் படிக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கும் வேலை செய்யும்படி பிரவுசரின் சொந்தத் தேர்வுப்பெட்டியான செலக்ட்டைப் போட்டுவிட்டேன் என்று நான் சொன்னதும், அவர் கேட்டது இவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. நான், “கேட்க வேண்டிய அவசியமே இல்லைங்க, பிரவுசரோட சொந்த செலக்ட் எல்லாருக்கும் வேலை செய்யும்” என்றேன். அவர் “ஓகே” என்றார், மீட்டிங் அடுத்த டிக்கெட்டுக்கு, அதாவது அடுத்த வேலைக் குறிப்புக்கு, போய்விட்டது. சண்டை இல்லை, மெயில் இல்லை, யாரும் யாரிடமும் புகார் சொல்லவில்லை. ஆனாலும் “கேட்க வேண்டிய அவசியமே இல்லை” என்று நான் சொன்னது மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் தப்பு இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். பிறகு ஏன் உறுத்துகிறது என்பதற்குத்தான் பதில் இல்லை.

விஷயம் மருத்துவரிடம் நேரம் பதிவு செய்யும் ஒரு ஃபார்ம். முதலில் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அப்புறம் மருத்துவர், அப்புறம் தேதி. துறைப் பட்டியலுக்கு அவர் வரைந்து கொடுத்தது அழகான ஒரு டிராப்டவுன்: ஒவ்வொரு துறைக்கும் ஒரு சின்ன ஐகான், பெரிய எழுத்தில் பெயர், அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி விளக்கம். என் குழுவில் ஒருவர் அதை அப்படியே கட்டிவிட்டார். எல்லாம் டிவ், அதாவது தனக்கென்று எந்த நடத்தையும் இல்லாத வெறும் பெட்டிகள். கிளிக் செய்தால் திறக்கும், கிளிக் செய்தால் மூடும். அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவது) பற்றி அவர் கவலைப்படாமலும் இல்லை. வெளி டிவ்வுக்கு லிஸ்ட்பாக்ஸ் ரோல் (இது என்ன பொருள் என்று ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்லும் குறி), உள்ளே இருப்பவற்றுக்கு ஆப்ஷன் ரோல், மேலே டேப் விசையால் வந்து சேர ஒரு டேப்இண்டெக்ஸ் பூஜ்யம், எல்லாம் போட்டிருந்தார். லைட்ஹவுஸ் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியில் 100 மதிப்பெண் வந்த ஸ்க்ரீன்ஷாட்டும் புல் ரெக்வஸ்ட்டில் (கோடைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையில்) இருந்தது.

நான் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு கீபோர்டில் போய்ப் பார்த்தேன். டேப் அடித்தால் பெட்டிக்கு வருகிறது. என்டர் அடித்தால் திறக்கிறது. கீழ் அம்புக்குறியை அழுத்தினால் பட்டியல் நகரவில்லை, பக்கம் முழுவதும் கீழே ஓடுகிறது. எஸ்கேப் அடித்தால் எதுவும் மூடவில்லை. எப்படியோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஃபோகஸ் (கீபோர்டு நிற்கும் இடம்) தொலைந்துபோய், அடுத்த டேப் பக்கத்தின் உச்சியில் இருக்கும் லோகோவுக்குப் போகிறது. அப்புறம் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரைப் போட்டுக் கேட்டேன். இங்கேதான் ரோல் போட்டது போடாததைவிட மோசமாகிவிட்டது. லிஸ்ட்பாக்ஸ் என்று பார்த்ததும் என்விடிஏ ஃபோகஸ் முறைக்கு மாறிவிடும், அதாவது அம்புக்குறிகளைத் தானே வைத்துக்கொள்ளாமல் பக்கத்திடமே கொடுத்துவிடும், பக்கம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். எங்கள் பக்கம் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. வெறும் டிவ்வாக இருந்திருந்தால் பிரவுஸ் முறையில் வரி வரியாகவாவது படித்திருக்க முடியும். ரோல் என்பது ஒரு வாக்குறுதி என்று வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் ஆரியா (இந்த ரோல்களுக்கான வரையறை) வழிகாட்டியே சொல்கிறது. நாங்கள் வாக்குக் கொடுத்துவிட்டுக் காணாமல் போயிருந்தோம்.

அந்த 100 மதிப்பெண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டியவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கருவி பார்ப்பது படத்துக்கு ஆல்ட் (மாற்று உரை) இருக்கிறதா, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வேறுபாடு இருக்கிறதா, இன்புட்டுக்கு லேபிள் இருக்கிறதா, ரோல் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்பவற்றை. எஸ்கேப் அடித்தால் மூடுகிறதா என்று அது அழுத்திப் பார்க்காது. தானியங்கிக் கருவிகள் கண்டுபிடிக்கக்கூடிய அளவிலேயே இணையம் தேறுவதில்லை என்பது வேறு கதை: வெப்எய்ம் என்ற அணுகல்தன்மை அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது, 2024-இல் அவற்றில் 95.9 சதவீதப் பக்கங்களில் கருவிக்குத் தெரிகிற பிழைகளே இருந்தன. ஆரியா பயன்படுத்திய பக்கங்களில் சராசரிப் பிழைகள் பயன்படுத்தாத பக்கங்களைவிட அதிகம். ஆரியாதான் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது, சிக்கலான பக்கங்களில்தான் ஆரியாவும் அதிகம் இருக்கும். ஆனால் அன்று என் திரையில் காரணம் அதுதான்.

என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, அந்த டிராப்டவுனை முறையாகக் கட்டி முடிப்பது. மேல் கீழ் அம்புக்குறி, ஹோம், எண்ட், எஸ்கேப், எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்துக்குத் தாவுவது, எந்த வரியில் நிற்கிறோம் என்பதை ஆக்டிவ்டிசெண்டன்ட் மூலம் சொல்வது, மூடியதும் ஃபோகஸைத் திருப்பிக் கொடுப்பது, அப்புறம் இத்தனையையும் என்விடிஏ, ஜாஸ், வாய்ஸ்ஓவர், டாக்பேக் என்று ஒவ்வொரு ஸ்க்ரீன் ரீடரிலும் கேட்டுப் பார்ப்பது. காம்போபாக்ஸ், அதாவது பட்டியலோடு சேர்ந்த இப்படிப்பட்ட பெட்டி, எவ்வளவு வழுக்கல் என்பதற்கு அந்த வரையறையின் வரலாறே சாட்சி. ஆரியா 1.0-இல் ரோல் இன்புட்டின் (எழுதும் பெட்டியின்) மேல் இருந்தது, 1.1-இல் அதைச் சுற்றியிருக்கும் பெட்டிக்குப் போனது, 2023-இல் வந்த 1.2-இல் மறுபடியும் இன்புட்டுக்கே திரும்பிவிட்டது. வரையறை எழுதுபவர்களே மனசை மாற்றிக்கொண்ட இடத்தில், ரிலீஸுக்கு முந்தைய வாரத்தில் நான் கை வைக்க விரும்பவில்லை.

இன்னொரு வழி, டிவ்களை எல்லாம் அழித்துவிட்டு ஒரு லேபிள், ஒரு செலக்ட், உள்ளே ஆப்ட்குரூப்களாக (தலைப்பிட்ட குழுக்களாக) பிரித்த ஆப்ஷன்கள். அதைத்தான் செய்தேன். கீபோர்டு இலவசம். ஸ்க்ரீன் ரீடர் இலவசம். போனில் அந்தப் போனின் சொந்தத் தேர்வுப்பட்டியல் திறக்கும். குரலால் இயக்குபவர் திரையில் தெரியும் லேபிளைச் சொன்னால் போதும். விண்டோஸில் உயர்வேறுபாட்டு நிறங்கள் போட்டிருப்பவருக்கும் அது தானாக மாறிக்கொள்ளும். மூடியிருக்கும் பெட்டியின் உருவத்தை மட்டும் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தை எழுதும் மொழியில்) வடிவமைப்புக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தேன். ஃபோகஸ் கோட்டை பாக்ஸ்-ஷேடோவில் போடாமல் அவுட்லைனிலேயே விட்டேன், உயர்வேறுபாட்டு முறையில் ஷேடோ காணாமல் போகும் என்பதால்.

ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. துறை மாறினால் மருத்துவர் பட்டியலும் மாற வேண்டும். விண்டோஸில் மூடியிருக்கும் செலக்ட்டின் மேல் நின்று கீழ் அம்புக்குறியை அழுத்தினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் சேஞ்ச் நிகழ்வு (தேர்வு மாறியது என்ற அறிவிப்பு) நடக்கும், ஆக ஐந்தாவது துறைக்குப் போகிற ஒருவர் வழியில் நான்கு துறைகளின் மருத்துவர்களையும் சர்வரிலிருந்து இழுத்துக்கொண்டே போவார். கொஞ்சம் தாமதித்து அனுப்பும்படி செய்தேன். ஃபோகஸை நகர்த்தவே இல்லை. பட்டியல் மாறியது என்பதை ஸ்டேட்டஸ் ரோல் உள்ள (மாறினால் ஸ்க்ரீன் ரீடர் தானே வாசிக்கும்) ஒரு வரியில் “6 மருத்துவர்கள் உள்ளனர்” என்று எழுதினேன். அந்த வரியின் காலிப் பெட்டி பக்கம் திறக்கும்போதே இருக்க வேண்டும், செய்தியோடு சேர்த்துப் புதிதாகச் செருகினால் பல சமயம் வாசிக்கப்படுவதில்லை. இவ்வளவும் ஒரே மதியத்தில் முடிந்தது. சோதித்தேன், நன்றாக வேலை செய்தது, மெர்ஜ் செய்தேன், அதாவது முதன்மைக் கோடில் சேர்த்துவிட்டேன்.

மெர்ஜ் செய்த பிறகுதான் வடிவமைப்பாளரிடம் சொன்னேன். அந்த வரிசை சரியா என்று கேட்டால், சரியில்லைதான், ஆனால் முன்னால் சொல்லியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்றும் ஒரு குரல் சொல்கிறது. அந்தக் குரலை நான் முழுசாக நம்புவதில்லை.

ஏனென்றால் அவர் அடுத்து சொன்னது எனக்குத் தெரியாத ஒன்று. மீட்டிங்கில் இல்லை, பிறகு சாட்டில், சாதாரணமாக. அந்தச் சாம்பல் நிற வரி அலங்காரத்துக்கு வைத்தது இல்லையாம். முந்தைய ஃபார்மில் நெஃப்ராலஜிக்கும் நியூராலஜிக்கும் நேரம் மாற்றிப் பதிவு செய்துகொண்டு வந்து நின்றவர்கள் இருந்திருக்கிறார்கள். அதனால்தான் ஒன்றின் கீழே “சிறுநீரகம்” என்றும் மற்றதன் கீழே “மூளை, நரம்பு” என்றும் எழுதி, பக்கத்தில் ஒரு படமும் வைத்தார். படிக்கச் சிரமப்படுபவர், உடம்பு சரியில்லாமல் பதற்றத்தில் இருப்பவர், அம்மாவுக்காகப் பதிவு செய்கிற, மருத்துவச் சொல் எதுவும் தெரியாத ஒருவர், இவர்களுக்கான வரி அது. பழைய செலக்ட்டின் ஆப்ஷனுக்குள் வெறும் எழுத்தைத் தவிர வேறு எதையும் வைக்க முடியாது. ஆக நான் ஒரு கூட்டத்துக்குக் கதவைத் திறந்த அதே கையால் இன்னொரு கூட்டத்துக்கு இருந்த பலகையைக் கழற்றியிருந்தேன்.

இதற்கு என்னிடம் பதில் இருந்தது, உடனே அனுப்பவும் செய்தேன். கீபோர்டில் இயங்க வேண்டும் என்பதும், பெயரும் ரோலும் மதிப்பும் சரியாகத் தெரிய வேண்டும் என்பதும் வெப் அணுகல் வழிகாட்டியில் ஏ நிலை, அதாவது அடிப்படை. அறிமுகமில்லாத சொற்களுக்கு விளக்கம் தர வேண்டும் என்பது மூன்று ஏ. நாங்கள் ஒப்புக்கொண்டிருப்பது இரண்டு ஏ வரைக்கும்தான். ஒருவரால் நுழையவே முடியவில்லை என்பதும், நுழைந்தவர் குழம்புகிறார் என்பதும் ஒன்றா? இப்படி எழுதினேன். வாதம் கெட்டியானது. எந்தத் தணிக்கையிலும் நிற்கும்.

ஆனால் நெஃப்ராலஜி என்று நினைத்து நியூராலஜி மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தவரும் நுழைய முடியாதவர்தானே. அவர் பதிவை முடித்துவிட்டார் என்பதால் எங்கள் கணக்கில் அவர் வெற்றி. அந்த ஏக்களின் எண்ணிக்கையும் முக்கியத்துவத்தை மட்டும் வைத்துப் போடப்பட்டதில்லை. எல்லா வகை உள்ளடக்கத்துக்கும் பொருந்துமா, எழுதுபவரால் நியாயமாகச் செய்ய முடியுமா என்பதெல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. சோதித்துச் சொல்ல முடிந்தால்தான் ஒன்று விதியாகவே வரும்; புரியவில்லை என்பதைச் சோதிப்பது கடினம், எஸ்கேப் வேலை செய்யவில்லை என்பதைச் சோதிப்பது சுலபம். அறிவாற்றல் சார்ந்த சிரமங்கள் உள்ளவர்களுக்காக டபிள்யூ3சி 2021-இல் தனியாக ஒரு பெரிய ஆவணமே வெளியிட்டது, அதைக் கட்டாய விதியாக இல்லாமல் வழிகாட்டுக் குறிப்பாகத்தான். அதை நான் அப்போதே படித்திருந்தேன் என்பதுதான் எரிச்சல்.

சமரசமாக ஒன்று செய்தேன். ஆப்ஷனின் எழுத்திலேயே “நெஃப்ராலஜி – சிறுநீரகம்” என்று சேர்த்துவிட்டேன். குழப்பம் அதிகமுள்ள நாலைந்து துறைகளுக்கு இது போதும் என்று தோன்றியது. மற்றவற்றுக்கு விளக்கம் நீண்டுவிடுகிறது, மூடிய பெட்டியில் பாதிதான் தெரியும், ஸ்க்ரீன் ரீடர் வைத்திருப்பவர் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் முழு வரியையும் கேட்க வேண்டும். தட்டித் தாவுவதும் வரியின் முதல் எழுத்துகளை வைத்துத்தான் நடக்கும். “சிறுநீரகம்” என்று தட்டுகிறவருக்கு எதுவும் கிடைக்காது, அந்தச் சொல் மட்டுமே தெரிந்தவருக்காகத்தான் அதைச் சேர்த்ததே.

பிற்பாடு ஒரு வழி தோன்றியது. இரண்டு பேருமே டிராப்டவுன் என்ற உருவத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சண்டை போடாமல் சண்டை போட்டிருக்கிறோம். ரேடியோ பட்டன்கள் போட்டிருக்கலாம். ஃபீல்ட்செட் (சுற்றிலும் ஒரு குழு), லெஜண்ட் (அதன் தலைப்பு), உள்ளே உண்மையான ரேடியோ இன்புட்கள். ரேடியோவின் லேபிளுக்குள் ஐகான், பெயர், விளக்கம் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், எப்படி வேண்டுமானாலும் அலங்கரிக்கலாம், கீபோர்டு அப்போதும் இலவசம்தான். பெயரை மட்டும் லேபிளில் வைத்து விளக்கத்தை டிஸ்கிரைப்ட்பை என்ற ஆரியா குறி மூலம் இணைத்தால் ஸ்க்ரீன் ரீடர் முதலில் பெயரைச் சொல்லும், கேட்பவர் அடுத்ததற்கு நகர்ந்தால் விளக்கம் அங்கேயே நின்றுவிடும். மேலே ஒரு தேடல் பெட்டி வைத்தால் “சிறுநீரகம்” என்று தட்டினாலும் கிடைக்கும். ஆனால் நாற்பது துறைகள். போனில் அவ்வளவு நீளத்துக்கு உருட்ட வேண்டும். ரேடியோவில் அம்புக்குறி நகர்ந்தாலே தேர்வாகிவிடும். இதையும் அன்றே சொல்லியிருந்தால் அவர் வேறு ஒரு நியாயமான குறையைக் காட்டியிருப்பார், நானும் ஏதாவது ஒரு விதி எண்ணைக் காட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

2025-இல் குரோம் 135 வந்தபோது அவரிடமிருந்து ஒரு லிங்க் மட்டும் வந்தது, ஒரு சொல்கூட இல்லாமல். சிஎஸ்எஸ்ஸில் அப்பியரன்ஸ் என்ற பண்புக்கு பேஸ்-செலக்ட் என்று எழுதினால் பிரவுசரின் சொந்த செலக்ட்டையே, ஆப்ஷனுக்குள் படமும் இரண்டாவது வரியும் வைத்து, விருப்பம்போல் வடிவமைக்கலாம். தெரியாத பிரவுசரில் பழைய செலக்ட்டாகவே நிற்கும். பார்த்தால் இது என் கட்சிக்கும் வெற்றி, அவர் கட்சிக்கும் வெற்றி. “மற்ற பிரவுசர்ல அந்த வரி எப்படித் தெரியும்னு பார்க்கணும்” என்று பதில் போட்டேன். நல்ல கேள்விதான், ஏனென்றால் அங்கே படம் விழுந்துவிடும், ஆப்ஷனின் எழுத்தெல்லாம் ஒட்டி ஒரே வரியாகிவிடும். ஆனால் அனுப்பிய பிறகு அது எனக்கே தட்டிக்கழிப்பது போல்தான் கேட்டது.

இப்போது டிக்கெட் திறந்திருக்கிறது. அதில் நான் எழுதியது: ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துபவர்களிடம் கொடுத்துப் பார்த்த பிறகே வெளியிடுவது. அதன் கீழே அவர் சேர்த்தது: துறைப் பெயர் தெரியாதவர்களிடமும். இரண்டு தரப்பினர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் யார் முடிவு செய்வது என்ற இடத்தை இரண்டு பேருமே காலியாக விட்டிருக்கிறோம். அந்தக் காலி இடத்தில் முன்பு நான் ஒரே மதியத்தில் முடிவெடுத்தேன், அந்த முடிவால் இன்றைக்கும் கீபோர்டு மட்டும் வைத்திருக்கும் ஒருவர் நேரம் பதிவு செய்துகொண்டிருக்கிறார். இதை எழுதும்போதுகூட அந்தக் கடைசி வாக்கியத்தை நியாயத்துக்காக எழுதினேனா, உண்மை என்பதால் எழுதினேனா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.