பைபாஸில் கோடு போட்ட ஏழு நாட்கள்

படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், சேலம் சீலநாயக்கன்பட்டி பைபாஸ் ஓரத்தில் உட்கார்ந்து வண்டி எண்ணும் வேலை கிடைத்தது. ஏழு நாள், இரவு பகலாக, எட்டு மணி நேர ஷிப்ட். ஒரு வண்டிக்கு ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னும் பழைய எண்ணான 7-தான். நாட்டில் 63 லட்சம் கிலோமீட்டர் சாலை இருக்கிறது, அதில் தேசிய நெடுஞ்சாலை 2 சதவீதம்தான், ஆனால் 40 சதவீதப் போக்குவரத்து அதன்மேல்தான் ஓடுகிறது என்று பொறியாளர் சொன்னார். இரண்டாம் நாள் ராத்திரியே அது எனக்கு விளங்கிவிட்டது. வடக்கத்தி லாரிகள் விடாமல் வந்ததில் விரல் மரத்துப்போனது.

எண்ணியதை அப்படியே கூட்ட மாட்டார்கள். கார் 1 என்றால் பைக் 0.5, பஸ்ஸும் லாரியும் 3, மாட்டுவண்டி 8. சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, பின்னால் வருகிறவர்களை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதற்கான அளவு அது. இந்தக் கணக்கு இல்லாமல் சாலையை அகலப்படுத்த முடியாது. சரியான முறைதான்.

ஆனால் நான்காம் நாள் சாயந்தரம் ராசிபுரம் பஸ் ஒன்று படிக்கட்டு வரை ஆள் தொங்க வந்தது. எழுபது பேராவது இருப்பார்கள். தாளில் 3. அதன் பின்னாலேயே மூன்று கார், ஒவ்வொன்றிலும் ஓட்டுபவர் மட்டும். அதுவும் 3. பேனா நின்றுவிட்டது. மனசு கேட்காமல் பொறியாளரிடம் போய்ச் சொன்னேன்.

"தம்பி, ஆளை எண்ண வேற சர்வே இருக்கு. நமக்குக் குடுத்தது வண்டிக் கணக்கு மட்டும்தான்" என்றார்.

அப்புறம் எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. நடந்து கடப்பவர்களுக்குத் தாளில் கட்டமே இல்லை. வேலை விட்டு டிபன் கேரியரோடு வரும் பெண்கள், லாரிகளுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும் வரை காத்து நிற்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு கூட்டமாக ஓடுவார்கள். அன்றைக்குத் தாளின் ஓரத்தில் 'கடந்தவர்கள் 41' என்று எழுதினேன். சூப்பர்வைசர் அதை அடிக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் ஏற்ற அதற்கு இடம் இல்லை.

2020-ல் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் இரண்டடுக்கு மேம்பாலம் திறந்தார்கள். மேலே போகிறவர்களுக்கு உண்மையாகவே நிம்மதி. நான் கீழே டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஏறுகிறவர்களை எண்ணி விரல் தானாகத் தொடையில் கோடு போடுகிறது. ஐந்தாவது ஆளுக்குக் குறுக்கே ஒன்று.