90 நாள் கெடுவும் ஒரு பச்சை அட்டையும்

இழப்பீட்டுக் காசோலை போன வாரம் கைக்கு வந்தது. ஆனாலும் எங்கள் ஊர் நிர்வாக அலுவலகத்தை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

நாங்கள் இருப்பது நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். சட்டப்படி அதற்கு 'வில்லேஜ்' என்று பெயர். சாலைப் பள்ளத்தில் கால் மாட்டி என் மனைவி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை, பிசியோதெரபி என்று இரண்டு மாதம் ஓடியது. விபத்து வழக்குக்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் அவசரப்படவில்லை. அது தனியார் மீது போடும் வழக்குக்கு. உள்ளாட்சி என்றால் 90 நாளுக்குள் 'நோட்டீஸ் ஆஃப் க்ளெய்ம்', அதாவது இழப்பீடு கோருகிறோம் என்ற எழுத்து அறிவிப்பு, கொடுத்தாக வேண்டும். வழக்கையும் ஒரு வருடம் 90 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். நண்பர் சொல்லி ஒரு வக்கீலிடம் பேசியபோது 71-ஆம் நாள்.

செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று நோட்டீஸை நானே எழுதினேன். 83-ஆம் நாள் எடுத்துக்கொண்டு போனால், கவுன்ட்டரில் இருந்தவர் படித்தே பார்க்காமல் அடுத்த தெருவில் இருக்கும் சாலைப் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் "இது கிளார்க் வாங்க வேண்டியது" என்று திருப்பி அனுப்பினார். கிளார்க் என்றால் இங்கே ஊரின் ஆவணங்களுக்குப் பொறுப்பான அதிகாரி. வந்து பார்த்தால் கவுன்ட்டர் மூடியிருந்தது. அன்று விடுப்பு எடுத்தது வீண்.

அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. அன்று மாலை வக்கீலிடம் காட்டியபோது இரண்டு தவறுகள் தெரிந்தன. நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திடவில்லை. அப்புறம், எவ்வளவு பணம் வேண்டும் என்று எழுதியிருந்தேன். நியூயார்க் நகரம் தவிர மற்ற ஊர்களில் நோட்டீஸில் தொகையைக் குறிப்பிடவே கூடாதாம். திருத்தி எழுதி, 87-ஆம் நாள் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. கெடு தாண்டினால் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். கிடைக்கும் என்று உறுதி இல்லை.

பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. பள்ளம் இருப்பதை விபத்துக்கு முன்பே யாராவது எழுத்து மூலம் கிளார்க்குக்குத் தெரிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால், அந்தப் பள்ளத்தை ஊர் நிர்வாகமே உண்டாக்கியது என்பது போன்ற ஓரிரு விதிவிலக்குகள் தவிர, வழக்கு நிற்காது. எதிர்வீட்டுக்காரர் மூன்று முறை போனில் புகார் செய்திருந்தார். போன் கணக்கில் வராது. மாதக்கணக்காக எல்லோர் கண்ணிலும் பட்ட பள்ளம் என்பதும் போதாது. 1999-இல் பஃபலோ நகர வழக்கில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்' அப்படிச் சொல்லிவிட்டது. வேறு துறைக்கு எழுதியிருந்தாலும் பயனில்லை. கையொடிந்து கிடப்பவளிடம் இதை எப்படி விளக்குவது? அவள் அழுதுவிட்டாள். எனக்கு இன்றும் இது நியாயமாகப் படவில்லை.

எழுத்துப் புகார் ஏதாவது வந்திருக்கிறதா என்று தகவல் கோரும் சட்டத்தில் கேட்டேன். "பதிவு எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய் விசாரித்தோம். ஏழாவது வீட்டுப் பாட்டி ஒரு பழைய கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். முந்தைய வருடமே அந்தப் பள்ளத்தைப் பற்றி கிளார்க் பெயருக்கு சர்டிஃபைடு மெயிலில், நம்மூர்ப் பதிவுத் தபால் மாதிரி, எழுதியிருக்கிறார்! கடித நகலும், வாங்கியவர் கையெழுத்தோடு ஒப்புகையாகத் திரும்பி வந்த பச்சை அட்டையும் பத்திரமாக இருந்தன. தேதியைக் குறிப்பிட்டு மறுபடி கேட்டதும் அவர்கள் கோப்பிலும் அந்தக் கடிதம் 'கிடைத்தது'.

வழக்குக்கு முன்பே ஊர் நிர்வாகத் தரப்பு வக்கீல் என் மனைவியை இரண்டு மணி நேரம் விசாரித்தார். கூப்பிட்டால் போயே ஆகவேண்டும். நோட்டீஸ் கொடுத்த மறு வாரமே பள்ளத்தை மூடிவிட்டார்கள். விழுந்த மறுநாள் அளவு டேப் வைத்து நான் எடுத்த படங்கள்தான் அங்கே கைகொடுத்தன. மீதியை வக்கீல் பேசி முடித்தார்.

இப்போதெல்லாம் பள்ளம் கண்ணில் பட்டால் அன்றே கிளார்க்குக்கு எழுதிவிடுகிறேன். பாட்டியிடம் இருப்பதைப் போலவே எங்கள் வீட்டிலும் ஒரு கோப்பு சேர்ந்துவிட்டது. அதில் இதுவரை ஐந்து பச்சை அட்டைகள்.